பிடித்துவிடும் கையும் நெட்டி முறிக்கும் கையும்

உட்கார்ந்து பிழைப்பவர்களின் காலம் இது. விடைத்தாள் திருத்துகிறவர், கணிப்பொறி முன் குனிந்திருப்பவர், நாளெல்லாம் பேருந்து ஓட்டுகிறவர் என எவரைக் கேட்டாலும், இடுப்பிலோ கழுத்திலோ உள்ள வலியொன்றை அடையாள அட்டைபோல் எடுத்துக் காட்டுகிறார். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020ஆம் ஆண்டில் கீழ்முதுகு வலியால் துன்புற்றவர்கள் 61 கோடியே 90 லட்சம் பேர். 2050இல் இத்தொகை 84 கோடியைக் கடந்துவிடும் என்கிறார்கள். மாத்திரையில் சலிப்புற்று, அறுவைக்கு அஞ்சி நிற்கும் இவர்களிடம் இன்று ஒரு புதிய கேள்வி பிறந்திருக்கிறது: மசாஜ் செய்துகொள்வதா, கைரோபிராக்டிக் சிகிச்சைக்குப் போவதா?

மேற்கில் நூறாண்டுப் பழக்கமுடைய கேள்வி இது. நம் ஊர்களுக்கு யூடியூப் காணொளிகள் வழியாக வந்து சேர்ந்திருக்கிறது. இதைக் காசும் நேரமும் பற்றிய சிறு தேர்வாகக் கருதிவிடலாகாது. இடுப்பைப் பொறுத்தவரை வேண்டுமானால் அப்படிச் சொல்லலாம். கழுத்தென்று வரும்போது இது உயிரைத் தொடும் தேர்வு. ஆகவே சற்று நின்று யோசிப்பது தகும்.

அக்காணொளிகளைப் பார்த்தவர்கள் அறிவார்கள். ஒருவர் மேசைமேல் கிடக்கிறார். சிகிச்சையாளர் அவர் தோளையும் இடுப்பையும் எதிரெதிராகத் திருப்பி ஓர் அழுத்து அழுத்துகிறார். ‘மடக்’ என்றோர் ஓசை. பிறகு தலையை இரு கைகளாலும் ஏந்தி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே சட்டென்று ஒரு பக்கம் திருப்புகிறார். மீண்டும் அதே ஓசை. படுத்திருந்தவர் எழுந்து சிரிக்கிறார். சிலர் அழவும் செய்கிறார்கள். ஓசை தெளிவாகக் கேட்கவேண்டும் என்பதற்காக உடம்பருகே ஒலிவாங்கி வைத்துப் பதிவு செய்யப்படும் காணொளிகளும் உண்டு. பார்வையாளர்கள் வருவது அந்த ஓசைக்காகத்தான்.

அந்த ஓசை நமக்கு இவ்வளவு எளிதில் பிடித்துப்போனதில் வியப்பில்லை. நாம் நெட்டி முறிக்கும் பண்பாட்டில் வளர்ந்தவர்கள். குழந்தையின் முகத்தை இரு கைகளாலும் வழித்து, தன் நெற்றிப்பொட்டில் விரல்களை வைத்து மடக்கும் பாட்டிக்கு, விரல்கள் படபடவென்று முறிந்தால் பெருந்திருப்தி. “எம்புட்டுக் கண்ணு பட்டிருக்கு பாரு” என்பாள். ஓசையின் அளவே கழிந்த தீமையின் அளவு. முடிதிருத்தகத்தில் வேலை முடிந்ததும் தலையைத் தட்டிப் பிடித்து, கழுத்தை இருபுறமும் சொடுக்கிவிடும் வழக்கமும் இதன் உறவினமே. உள்ளே ஏதோ பிசகியிருந்தது, இப்போது சரியாகிவிட்டது, அதற்கு அந்த ஓசையே சாட்சி என்று மனம் தானாகவே முடிவுகட்டிவிடுகிறது.

சாட்சி சொல்வது உண்மையில் எது? மூட்டுகளுக்கிடையே வழவழப்பான நீர்மம் உள்ளது. இரு எலும்புகள் சட்டென்று விலகும்போது அங்கே அழுத்தம் வீழ்ந்து, நீர்மத்தில் வாயுக் குழி ஒன்று தோன்றுகிறது. குமிழ் உடைவதால் ஓசை எழுகிறது என்று 1971இல் பிரிட்டனில் வெளியான ஆய்வொன்று சொன்னது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர் 2015இல் விரல் மூட்டை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து இழுத்துப் படமெடுத்து, குழி தோன்றும் கணத்தோடு ஓசை ஒத்துப்போவதைக் காட்டினார்கள். குமிழ் உடைகிறதா பிறக்கிறதா என்ற வழக்கு எப்படி முடிந்தாலும் ஒன்று உறுதி. அந்த ஓசை வாயுவின் ஓசை. எலும்பு இடத்துக்கு வந்து சேர்ந்த ஓசையன்று. முறித்த மூட்டு ஏறத்தாழ இருபது நிமிடம் வாய் திறவாமலிருந்து, பிறகு மறுபடியும் முறியும் என்பதை நெட்டி முறிக்கும் பழக்கமுள்ளவர்கள் தாங்களே சோதித்தறியலாம். டொனால்ட் உங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் ஐம்பதாண்டுகளுக்கு மேலாக இடக்கை விரல்களை மட்டும் நாள்தோறும் முறித்து, வலக்கையை ஒப்பீட்டுக்காக விட்டுவைத்தார். இரு கைகளிலும் மூட்டுவாதம் இல்லை. 2009இல் அவருக்கு ‘இக் நோபல்’ பரிசு கிடைத்தது. நெட்டி முறிப்பதில் தீங்கில்லை என்பதற்கு அவரைக் காட்டுகிறவர்கள், அதனால் நன்மையும் விளையவில்லை என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

கைரோபிராக்டிக் பிறந்த கதையிலும் ஓர் ஓசைக் கணக்கு உண்டு. 1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில், காந்த சிகிச்சை செய்துவந்த டி.டி. பால்மர், ஹார்வி லிலார்டு என்ற துப்புரவுத் தொழிலாளரின் முதுகெலும்பில் துருத்தி நின்ற ஒன்றை அழுத்திவிட்டதாகவும், அவருக்குக் கேட்கும் திறன் திரும்பியதாகவும் சொல்வார்கள். செவி நரம்பு முதுகெலும்பின் வழியே செல்வதில்லை என்ற உடற்கூற்று உண்மை அக்கதையைச் சற்றுச் சங்கடப்படுத்துகிறது. பால்மர் அத்தோடு நிற்கவில்லை. நோய்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முள்ளெலும்புகள் இடம்பிசகுவதால் வருபவை என்று எழுதினார். கிரேக்கத்தில் கைவினை என்று பொருள்படும் சொற்களை இணைத்து அம்முறைக்குப் பெயரும் சூட்டப்பட்டது.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பின்பும் பால்மரின் கோட்பாட்டை அப்படியே வைத்து இத்துறையை எடைபோடுவது நியாயமாகாது. அமெரிக்க மருத்துவச் சங்கம் இவர்களை ஒதுக்கிவைத்ததை எதிர்த்து 1976இல் தொடரப்பட்ட வழக்கில், 1987இல் தீர்ப்பு கைரோபிராக்டர்களுக்குச் சாதகமாக அமைந்தது. பிரிட்டனில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவர்களுக்குத் தனி மன்றமே உண்டு. முதுகு, கழுத்து, மூட்டு என்ற எல்லைக்குள் நின்று, உடற்பயிற்சியும் சொல்லிக்கொடுத்து, தன்னால் ஆகாததை மருத்துவரிடம் அனுப்பிவைக்கும் நேர்மையான கைரோபிராக்டர்கள் இருக்கிறார்கள். அதே துறையில் ஆஸ்துமாவுக்கும் குழந்தையின் வயிற்றுவலிக்கும் முதுகைத் தட்டுபவர்களும் இருந்தார்கள், இருக்கிறார்கள். 2008இல் அத்தகைய உரிமைகோரல்களைக் கண்டித்து எழுதிய சைமன் சிங் மீது பிரிட்டிஷ் கைரோபிராக்டிக் சங்கம் அவதூறு வழக்குத் தொடர்ந்து, 2010இல் பின்வாங்கியது. ஆதாரம் கேட்டவனுக்கு வழக்கு மன்றத்தைக் காட்டியது அத்துறைக்குப் பெருமை சேர்க்கவில்லை.

இனி மறுபக்கம். மசாஜ் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நட்சத்திர விடுதியோ, அதைவிட மோசமான ஒன்றோ நினைவுக்கு வருகிறது. நம்மிடமே இதற்குச் சொற்கள் மண்டிக் கிடக்கின்றன: பிடித்துவிடுதல், நீவுதல், உருவுதல், அமுக்குதல், சுளுக்கு வழித்தல். சித்த மருத்துவம் இதைத் தொக்கணம் என்று புறமருத்துவத்தில் வைத்து, ஒன்பது வகையாகப் பிரிக்கிறது: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைக்கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். தொக்கு என்றால் தோல். தோலைத் தொடுவதில் இத்தனை நுட்பம் பார்த்தவர்கள் நாம்.

நம்முடையது என்பதாலேயே அதைத் தூக்கிப் பிடிப்பதும் அறிவுடைமையன்று. கால் முந்திப் பிறந்தவர் உதைத்தால் சுளுக்கு விடும், தலையணையை வெயிலில் காயவைத்தால் கழுத்துப் பிடிப்பு போகும் என்பவையும் நம்முடையவைதாம். (அப்பிடிப்பு பெரும்பாலும் இரண்டொரு நாளில் தானே விட்டுவிடும்; புகழ் தலையணைக்குப் போய்ச் சேரும்.) மசாஜ் உடம்பிலுள்ள நச்சுகளைப் பிழிந்து வெளியேற்றுகிறது என்று இன்றைய மையங்கள் பலகையில் எழுதுவதும் இவ்வரிசையில் சேரவேண்டியதே. அந்த வேலைக்கு ஈரலும் சிறுநீரகமும் இருக்கின்றன.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2019இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில், நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு முதுகெலும்பைக் கையாளும் சிகிச்சை குறித்த 47 ஆய்வுகளைத் திரட்டி ஒரு மதிப்பீடு வெளியானது. ஏற்கெனவே பரிந்துரைக்கப்படும் பிற சிகிச்சைகளுக்கு நிகரான பலன் அதில் கிடைக்கிறது, அவற்றை விஞ்சவில்லை என்பதே அதன் சாரம். மசாஜ் பற்றி 2011இல் அமெரிக்காவில் 401 பேரை வைத்து நடந்த ஆய்வு இன்னும் சுவையானது. ஒரு குழுவினருக்கு வாரம் ஒருமுறை வீதம் பத்து வாரம் உடலைத் தளர்த்தும் சாதாரண மசாஜ். இன்னொரு குழுவினருக்குத் தசையின் உள்ளடுக்குகளைத் தேடிச் செய்யும் நுட்பமான மசாஜ். மூன்றாம் குழுவினருக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். பத்து வார முடிவில் மசாஜ் பெற்ற இரு குழுவினரும் மூன்றாமவரைவிட நலமாக இருந்தார்கள். அவ்விரு குழுக்களுக்குள்ளே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நுட்பத்தின் பெயர் எதுவாயினும், ஒரு மனிதர் இன்னொருவரின் வலியுள்ள இடத்தை நெடுநேரம் பொறுமையாகத் தொட்டிருப்பதே பாதி மருந்து என்று எண்ண இதில் இடமிருக்கிறது.

நூல்களை நம்பி வாழும் நம் போன்றோருக்கு உவப்பான ஆய்வு வேறொன்று. 1998இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தது. கீழ்முதுகு வலியுள்ள 321 பேரில் ஒரு பகுதியினருக்குக் கைரோபிராக்டிக், ஒரு பகுதியினருக்கு பிசியோதெரபி, எஞ்சியோருக்குச் சிறு கையேடு ஒன்று மட்டும். முதல் இரண்டும் கையேட்டைவிடச் சற்றே மேம்பட்டிருந்தன; அந்த மேம்பாடு மிகச் சிறியது. இரண்டாண்டுச் செலவோ, சிகிச்சை பெற்றோருக்குத் தலைக்கு 430 டாலர் அளவில், கையேடு பெற்றோருக்கு 153 டாலர். வலி ஏன் வருகிறது, எப்போது அஞ்சவேண்டும், எப்படி நடமாடவேண்டும் என்று சொல்லும் சில பக்கங்கள் பயின்ற கைகளோடு இவ்வளவு தூரம் போட்டியிட்டிருக்கின்றன.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில், மசாஜ், முதுகெலும்பைக் கையாளுதல் இரண்டும் நிபந்தனையோடு ஏற்கப்படும் பட்டியலில் அருகருகே இடம்பெறுகின்றன. பிரிட்டனின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இரண்டையும் ஒரே மூச்சில் குறிப்பிட்டு, உடற்பயிற்சியோடு சேர்ந்தால் மட்டுமே செய்யலாம் என்கிறது. அதாவது இடுப்பு வலிக்குப் பலனை மட்டும் எடைபோட்டால் தராசு ஏறத்தாழ நேராகவே நிற்கிறது. கைரோபிராக்டரிடம் போய்வந்தவர் வலி குறைந்தது என்றால் நாம் மறுக்கவேண்டியதில்லை. வலி குறைந்தது மெய். எலும்பு பிசகியிருந்தது, நான் அதைப் பூட்டினேன் என்று அவரிடம் சொல்லப்பட்ட காரணம்தான் மெய்யன்று.

பலன் சமமென்றால் தீர்ப்பை ஆபத்திடம் விடுவதே முறை. இங்கே தராசு சாய்கிறது. கழுத்தின் முள்ளெலும்புத் துளைகள் வழியாக மூளைக்குக் குருதி கொண்டுபோகும் இரு தமனிகள் மேலேறுகின்றன. கழுத்தை விசையோடு திருப்புகையில் அத்தமனியின் உட்சுவர் கிழிந்தால், அங்கே உறையும் குருதி மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கலாம். இது அரிது. கிழிசலால் ஏற்பட்ட கழுத்து வலிக்காகவே சிலர் சிகிச்சைக்குப் போயிருக்கலாம் என்பதால், எது காரணம் எது விளைவு என்பதில் இன்னும் வாதம் உண்டு. ஆயினும் இத்தொடர்பை நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லவேண்டும் என்று அமெரிக்க இதயநோய்ச் சங்கத்தின் 2014ஆம் ஆண்டு அறிக்கை வலியுறுத்துகிறது. முடிதிருத்தகத்தில் கழுத்தைச் சொடுக்கிக்கொண்ட இளைஞரொருவர் பக்கவாதத்துக்கு ஆளானார் என்ற செய்தி 2024இல் கர்நாடகத்தின் பெல்லாரியிலிருந்து வந்தது. ஆயிரம் கழுத்துகள் தப்பின என்பது ஆறுதல்தான். நம்முடையது ஒரே கழுத்து. நிகரான பலனை ஆபத்துக் குறைந்த வழியில் பெற இயலும்போது, ஓர் ஓசைக்காகக் கழுத்தைப் பணயம் வைப்பானேன்?

மசாஜ் முற்றிலும் தீங்கற்றது என்றும் சொல்லமாட்டோம். காலில் குருதி உறைந்து வீங்கியிருப்பவரை உருவிவிடக் கூடாது. எலும்பு தேய்ந்த முதியவரை முரட்டுக் கைகளிடம் ஒப்படைக்கக் கூடாது. முதுகு வலியோடு காய்ச்சல், காரணமற்ற எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் இருந்த வரலாறு, கீழே விழுந்த அடி, கால் வலுவிழத்தல், தொடையிடுக்கில் மரத்துப்போதல், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போதல் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்திருந்தாலும், இரண்டு கைகளையும் விட்டுவிட்டு மருத்துவமனைக்கு விரையவேண்டும். அந்நிலையில் மசாஜா கைரோபிராக்டிக்கா என்று கேட்டுக்கொண்டிருப்பது, கூரை எரியும்போது ஒட்டடை அடிக்க எந்தக் கோல் நல்லது என்று ஆராய்வதற்கு ஒப்பாகும்.

அடுத்தது, கை யாருடையது என்ற கேள்வி. கைரோபிராக்டிக் பயில நான்காண்டு, குறைந்தது 4200 மணிநேரப் பாடமும் பயிற்சியும், அதில் 1000 மணிநேரம் மேற்பார்வையோடு நோயாளிகளிடம் பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் 2005இல் அளவு வகுத்தது. நம் ஊரில் பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து, நான்காண்டு படித்தவர் யார், நாலு வார வகுப்பில் கற்றுவந்தவர் யார் என்று பிரித்தறிய முடிவதில்லை. எங்கே படித்தீர்கள், எத்தனை ஆண்டு என்று கேட்பதில் நாணம் வேண்டியதில்லை. மாப்பிள்ளை வீட்டாரை எத்தனை கேள்வி கேட்கிறோம்! முதல் நாளே எக்ஸ்ரே எடுத்து வளைவுகளைக் காட்டி அச்சுறுத்தி, இருபது சிட்டிங்குக்கு முன்பணம் கட்டச் சொல்பவரிடம் விடைபெற்றுக்கொள்வது நலம். வலியே இல்லாதவர்களின் முதுகிலும் வளைவும் தேய்வும் எக்ஸ்ரேயில் தெரிவதுண்டு. மசாஜ் செய்பவருக்கும் இதே அளவுகோல்தான். எதைக் குணப்படுத்துவேன் என்று சொல்பவரைக் காட்டிலும், எதைத் தொடமாட்டேன் என்று சொல்பவரை நம்பலாம்.

இவ்விடத்தில் நம் சமூகத்தைப் பற்றியும் ஒரு சொல். முடிதிருத்துவோர் சமூகத்துக்கு நம் நாட்டில் மருத்துவர் என்றே பெயர் வழங்குகிறது. அச்சமூகத்துப் பெண்கள் மருத்துவச்சிகளாக ஊரின் பிள்ளைப்பேறுகளைப் பார்த்தார்கள். பிறர் உடம்பைத் தொட்டு நோவு தீர்க்கும் தொழிலை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, தொட்ட கையைத் தாழ்வாகக் கருதியது நம் மரபு. அதே தொடுகை இன்று வெள்ளைக் கோட்டு அணிந்து, குளிரூட்டிய அறையில், கிரேக்கப் பெயரோடு வந்ததும் காலணி கழற்றி வணங்குகிறோம். பிடித்துவிடும் கைக்கு நாம் கூலி பேரம் பேசுவதும், முறிக்கும் கைக்குக் கேட்டதைக் கொடுப்பதும் சிகிச்சையின் தரத்தால் மட்டும் நேர்வதென்று நம்ப முடியவில்லை. ஒரு மணிநேரம் உழைத்துப் பிடித்துவிடும் கை, நொடியில் ஓசையெழுப்பும் கைக்கு எவ்வகையிலும் இளைத்ததன்று.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்துக் கடைசிக் குறள் மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பணிசெய்பவன் என நான்காக வகுக்கிறது. நாம் பேசிக்கொண்டிருக்கும் இரு சிகிச்சைகளிலும் மருந்து தனியே இல்லை. மருத்துவனின் கையே மருந்து. ஆகவே கையைத் தேர்ந்தெடுப்பதில் நாம் காட்டும் கவலை நியாயமானதே. ஆனால் அப்பட்டியலில் முதலில் நிற்பவன் நோயாளி. புதிதாக வரும் முதுகு வலி பெரும்பாலும் எந்தச் சிகிச்சைக்கும் காத்திராமல் சில வாரங்களில் தணிகிறது. நாள்பட்டதற்கு நடையும் உடற்பயிற்சியும் எல்லா வழிகாட்டுதல்களிலும் தவறாமல் வருகின்றன. அவற்றை நமக்காக வேறொருவர் செய்துதர முடியாது.

நம் துணிபு இது. கழுத்து வலியாயின் விசையோடு திருப்பும் சிகிச்சை வேண்டாம். அதைக் கைரோபிராக்டர் செய்தாலும் முடிதிருத்துபவர் செய்தாலும் ஒன்றே. இடுப்பு வலியாயின், அபாயக் குறிகள் இல்லையென்று உறுதிசெய்துகொண்டு, முதலில் பயிற்சியுள்ளவரிடம் பிடித்துவிடச் சொல்லலாம். அதில் நிறைவில்லாதவர் படித்துத் தேர்ந்த, அளவாகப் பேசும் கைரோபிராக்டரிடம் இடுப்போடு நிறுத்திக்கொள்ளும் நிபந்தனையுடன் போகட்டும். நாலைந்து முறையில் பலன் தெரியாவிட்டால் இரண்டையும் விட்டுவிடலாம். எந்த வழியில் போனாலும் நாளைக்கு அரைமணி நேரம் நடக்கவேண்டும். நடக்கும் காலில் ‘மடக்’ என்ற ஓசை எழாதுதான். அதனால் குறையொன்றுமில்லை.